மேகம் இறங்கியபோது நீ யாரையும் கூப்பிடவில்லை

கண்ணு,

மதியச் சோறு சாப்பிட்டதும் மஞ்சக்குட்டைக்குக் கிளம்பிவிட்டாய். கூடப் படித்தவன் தோட்டத்தில் மிளகு பறிக்கிறார்கள், பார்த்துவிட்டு வருகிறேன் என்றாய். சாயங்கால ஜீப்பில் வந்து இறங்குவாய். நாளை முதல் பஸ்ஸில் சேலம், அங்கிருந்து ரயிலில் சென்னை. மறுநாள் காலையில் விசாரணை. நீ திரும்பி வருவதற்குள் இதை எழுதி முடித்துவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். வாயால் சொன்னால் நான் பாதியில் அழுதுவிடுவேன். நீ "சரிம்மா, விடுங்கம்மா" என்று எழுந்து போய்விடுவாய். இத்தனை நாளாக நாம் இரண்டு பேரும் இந்த வீட்டில் அப்படித்தான் பேசிக்கொண்டிருக்கிறோம். நீ படித்த பிறகு, உனக்குச் சம்மதம் இருந்தால், இதை வேறு யாரும் படிக்கட்டும். பிள்ளையைக் கப்பலுக்கு அனுப்பிவிட்டு இருக்கிற வீடுகள் இந்த மலையிலும் சில உண்டு. அவர்களுக்கும் இது தேவைப்படலாம்.

மார்கழிக் கடைசியில் நீ திடீரென்று வந்து நின்றபோது நாங்கள் எதுவும் கேட்கவில்லை. நீயாகத்தான் மூன்றாம் நாள் சொன்னாய். நிலக்கரி ஏற்றிக்கொண்டு வடக்கே இருந்து வந்துகொண்டிருந்தீர்கள். காலை வாட்ச், அந்த நேரத்துக் காவல் பொறுப்பு, உன்னுடையது. கப்பலைச் செலுத்துகிற அந்த மேல்தளத்து அறையில், பிரிட்ஜில், நீ இருந்தாய். உன்னோடு நின்று கடலைக் கண்ணால் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டிய மாலுமி சேவியர் அண்ணன். துறைமுகம் சேர்வதற்குள் தளத்தில் துருத் தட்டும் வேலை முடிய வேண்டும் என்று கேப்டன் அவரைக் கீழே அனுப்பிவிட்டார். பிறகு மூடுபனி வந்தது. மீன்பிடி ஃபைபர் படகு ஒன்று ரேடாரில் தெரியவில்லை. கப்பலின் முகப்பு அதை இடித்துக் கவிழ்த்துவிட்டது. அதில் இருந்த மூன்று பேரையும் தண்ணீரிலிருந்து தூக்கிவிட்டீர்கள். ஒருவருக்கு மட்டும் தொடை எலும்பு முறிந்துவிட்டது. "எல்லாரும் பொழச்சுட்டாங்கம்மா," என்று நீ சொன்னாய். அடுத்த நிமிடமே, "கேப்டன்தான் ஆளக் கீழ அனுப்பினாரு," என்றும் சொன்னாய். அந்த இரண்டாவது வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் நான் இத்தனை வாரம் தூங்கினேன். என் பிள்ளை மேல் தப்பில்லை, மேலே இருக்கிறவர் செய்தது என்று.

காலில் எலும்பு முறிந்தவரின் பெயரைக் கேட்டேன், ஞாபகம் இருக்கிறதா? உனக்குத் தெரியவில்லை. ஒடியாக்காரர், நாற்பது வயது இருக்கும் என்றாய். பெயர் தெரியாதது எனக்கு என்னவோ போல் இருந்தது. ஆனால் அப்போது அதை நான் சொல்லவில்லை.

நம் ஊரில் பனி என்பது ஒரு செய்தியே இல்லை. மேகம் இறங்கிவிட்டது என்று சொல்லிவிட்டு, துவைத்த துணியை உள்ளே எடுத்துப் போட்டு, விளக்கைப் போட்டுக்கொண்டு வேலையைப் பார்ப்போம். லாட்ஜில் ரிசப்ஷனில் உட்கார்ந்திருக்கும்போது பார்க்கிறேனே, சேலத்திலிருந்து வந்தவர்கள் ஜன்னலுக்கு வெளியே ஒன்றுமே தெரியவில்லை என்று பதறுவார்கள். நானும் ரூம்பையனும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வோம். அதில் நமக்கு ஒரு பெருமை. நீ எட்டாவது படிக்கும்போது நாகலூரிலிருந்து வந்த பஸ்ஸைப் பனி காரணமாக டிரைவர் நடுவழியில் ஓரங்கட்டிவிட்டார். மற்றவர்கள் எல்லாம் பஸ்ஸிலேயே உட்கார்ந்திருக்க, நீ மட்டும் இறங்கி, தார் எங்கே முடிந்து மண் எங்கே தொடங்குகிறது என்று செருப்பைக் கழற்றிக் காலாலேயே தடவித் தடவி வீடு வந்து சேர்ந்தாய். முடியெல்லாம் நனைந்து, உதடு நீலமாகி, சிரித்துக்கொண்டே வந்து நின்றாய். அப்பா அன்றைக்கு உன்னைத் திட்டவில்லை. மறுநாளிலிருந்து கடைக்குக் காப்பித்தூள் வாங்க வருகிறவர்கள் எல்லோருக்கும் அந்தக் கதைதான். "எம்பையனுக்குப் பனின்னா தண்ணி பட்ட பாடுங்க," என்பார். நானும் லாட்ஜில் சொல்லியிருக்கிறேன். சொல்லச் சொல்ல அந்தப் பனி அடர்ந்துகொண்டே போனது, வழி நீண்டுகொண்டே போனது. நீயும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டே வளர்ந்தாய்.

இப்போது அதை நினைக்கும்போதெல்லாம் உன் காலடியில் இருந்த அந்தத் தார் விளிம்புதான் கண்ணுக்கு வருகிறது. உனக்கு வழி தெரிந்தது, ஏனென்றால் வழி ஒன்று இருந்தது. எதிரே எது வந்தாலும் அந்த ரோட்டின் மேல்தான் வர முடியும். ஹாரன் கேட்டால் எந்த வளைவு என்று உனக்கே தெரியும். கடலில் ரோடு கிடையாது. எதுவும் எந்தப் பக்கத்திலிருந்தும் வரலாம். இது உனக்குப் பாடமாகவே சொல்லிக் கொடுத்திருப்பார்கள், பரீட்சையில் எழுதியும் இருப்பாய். ஆனால் பரீட்சைக்குப் படித்தது ஒரு பக்கம் இருக்க, சின்ன வயதில் வீட்டில் கேட்டது இன்னொரு பக்கம் உட்கார்ந்திருக்கிறது. அவசரத்தில் எது முதலில் எழுந்து வரும் என்று யாருக்குத் தெரியும்?

நேற்று நீ செம்மநத்தம் போயிருந்த நேரத்தில் கேப்டன் வந்திருந்தார். வந்தார், பழம் கொடுத்துவிட்டுப் போனார் என்று மட்டும் உன்னிடம் சொன்னேன். நீயும் மேற்கொண்டு கேட்கவில்லை. தட்டைப் பார்த்துச் சாப்பிட்டாய். நடந்ததை இப்போது சொல்கிறேன்.

அவரை நான் மதிக்கிறேன், அது உனக்குத் தெரியும். நீ படிப்பை முடித்துவிட்டு எந்தக் கம்பெனியிலும் இடம் கிடைக்காமல் ஒரு வருஷம் இங்கே சும்மா இருந்தாய். அப்போது அவர் குடும்பத்தோடு லாட்ஜில் வந்து தங்கினார். பதிவுப் புத்தகத்தில் தொழில் என்ற இடத்தில் அவர் எழுதியதைப் பார்த்துவிட்டு, வெட்கத்தை விட்டுக் கேட்டது நான்தான். அவர் ஈரோட்டுக்காரர். நம் பக்கத்துப் பேச்சைக் கேட்டதும் ஒட்டிக்கொண்டார். "பையன வரச் சொல்லுங்கம்மிணி, பாப்போம்," என்றார். சொன்னபடி உன்னை ஏற்றியும் விட்டார். பயிற்சிக் காலம் முழுக்க உன்னைத் தன் பிள்ளை மாதிரிதான் வைத்திருந்தார். ஆகவே நேற்று அவர் காரிலிருந்து இறங்கியபோது நான் பயப்படவில்லை. காப்பி கலந்து கொடுத்தேன். ஊரைப் பற்றி, இந்த வருஷக் காப்பிப் பூவைப் பற்றிப் பேசினார். டம்ளரைக் கீழே வைத்த பிறகுதான் விஷயத்துக்கு வந்தார்.

"ஒரே ஒரு வார்த்தைதானுங்க அம்மிணி. சேவியரு மேல, பையனோடதான் நின்னான்னு சொன்னாப் போதும். நின்ன ஆளு பாக்காம உட்டுட்டான். அதோட முடிஞ்சுது."

சேவியர் அண்ணன் மேலே நிற்கவில்லையே என்றேன். அவர் மறுக்கவில்லை. பிரிட்ஜில் பேசுவதைப் பதிகிற கருவியில் இருந்ததை அன்றைய கலவரத்தில் யாரும் சேமித்து வைக்கவில்லை, பழைய பேச்செல்லாம் அழிந்துவிட்டது, இனி நீ, சேவியர், தான் என்று மூன்று பேரும் சொல்வதுதான் சாட்சி என்று விளக்கினார். சேவியருக்குக் கொஞ்ச மாதம் கப்பல் இருக்காது, அப்புறம் தானே பேசி ஏற்றிவிடுவதாகச் சொன்னார். உன் கப்பல் ஆபீசர் சர்டிபிகேட்டுக்கு ஆபத்து வராது. அவருக்கும் ஓய்வுக்கு முந்திய கடைசிக் கான்ட்ராக்ட் கெட்ட பெயர் இல்லாமல் முடியும். எல்லாவற்றையும் மெதுவாக, நம் வீட்டுப் பெரியவர் ஒருவர் சொல்வது மாதிரிச் சொன்னார். உன்னிடம் மறைக்க மாட்டேன், நான் தலையாட்டிக்கொண்டுதான் கேட்டேன். கொஞ்ச மாதம்தானே என்று எனக்கும் தோன்றியது. சேவியர் அண்ணனின் முகம் எனக்குத் தெரியாது. உன் முகம் தெரியும்.

ஆனாலும் ஒன்று இடித்தது. ஆளைக் கீழே அனுப்பியது நீங்கள்தானே சார், அதற்கு அவனை ஏன் பொய் சொல்லச் சொல்கிறீர்கள் என்று கேட்டுவிட்டேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. பாவம் என்கிற மாதிரி பார்த்தார்.

"உங்க பையன் உங்ககிட்ட முழுசும் சொல்லலீங்களாட்ட இருக்குது," என்றார்.

பிறகு அவர் சொன்னதை நீ என்னிடம் சொல்லவே இல்லை, கண்ணு. சேவியர் அண்ணனைக் கீழே அனுப்பும்போது கடல் பளிச்சென்று இருந்ததாம். அடிவானம் வரை தெரிந்ததாம். பார்வை குறைந்தால் ஆளை மேலே கூப்பிட்டுக்கொள், என்னையும் கூப்பிடு என்று சொல்லித்தான் இறங்கிப் போனாராம். பனி ஒரேயடியாக விழவில்லை, நிதானமாகத்தான் வந்தது. உன் கையில் வாக்கிடாக்கி இருந்தது. அவர் அறைக்குப் போன் இருந்தது. அந்த அறை ஒரு மாடிப்படி இறங்கினால் வந்துவிடும். நீ சேவியரை மேலே கூப்பிடவில்லை. கேப்டனைக் கூப்பிடவில்லை. வேகத்தைக் குறைக்கவில்லை. பனியில் கப்பல்கள் ஊத வேண்டிய சங்கைக்கூட ஊதவில்லை. பிரிட்ஜின் பக்கவாட்டில் நீண்டிருக்கும் இறக்கைத் தளத்துக்குப் போய் வெளியே தலையை நீட்டிக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்ததாக நீயே பிறகு அவரிடம் சொன்னாயாம். கீழே துருத் தட்டுகிற சத்தம் தவிர வேறொன்றும் கேட்டிருக்காது.

காது கொடுத்துக் கேட்டாய் என்று அவர் சொன்னபோதுதான் அது உண்மை என்று எனக்கு உறுதியானது. அதை வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். இந்த மலையில் பிறந்தவன்தான் செய்வான். நாகலூர் ரோட்டில் நீ நிற்பது எனக்கு அப்படியே தெரிந்தது.

டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய் அடுப்படியில் நின்றேன். நீ பாதியைச் சொல்லி என்னை ஏமாற்றிவிட்டாய் என்று முதலில் கோபம். அப்புறம், முழுதையும் சொல்ல முடியாத அளவுக்கு நான் உன்னைப் பெரியவனாகப் பேசி வைத்திருக்கிறேனோ என்று ஒரு யோசனை. அதோடு இன்னொன்றும் ஞாபகம் வந்தது. வெளியே வந்து அவரிடமே கேட்டேன்.

போன வருஷம் நீ போனில் சொல்லிச் சிரித்தாயே, அதுதான். ஒரு நாள் லேசாக மப்பாக இருக்கிறது என்று நீ கேப்டனைக் கூப்பிட்டாய். அவர் முகத்தில் சவர நுரையோடு ஏறி வந்து பார்த்தார். சுக்கான் பிடித்திருந்தவர், டீ கொண்டுவந்தவர் எல்லோரும் இருக்கும்போதே, "ஏண்டா, ஏற்காட்டுக்காரனுக்கே பனியக் கண்டா பயமா? உங்கூர்ல பஸ்ஸெல்லாம் எப்படிடா ஓட்டறாங்க?" என்றார். அன்றிலிருந்து கப்பலில் உனக்கு மலைராசா என்று பெயர். நாங்களும் சிரித்தோம். அப்பா அதையும் கடையில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நீங்க அன்னிக்கு அப்படிச் சிரிச்சீங்களாமே சார்," என்றேன்.

"வெளையாட்டுக்குச் சொன்னதுங்க அது."

"அவன் அதுக்கப்புறம் எப்பவாச்சும் உங்களப் பனிக்குக் கூப்பிட்டிருக்கறானுங்களா?"

அவர் யோசித்துப் பார்க்கிறார் என்று தெரிந்தது. வேட்டியின் மடிப்பை நீவிவிட்டுக்கொண்டார். எழுந்து செருப்பு மாட்டும்போது, "நீங்க சொன்னா அவன் கேப்பானுங்க. நானும் புள்ள பெத்தவந்தான், அவன் கெட்டுப்போகக் கூடாதுன்னுதான் வந்தேன்," என்று மட்டும் சொன்னார். அவர் சொன்னது பொய்யில்லை. உன்னைக் காப்பாற்றத்தான் வந்தார். கூடவே தன்னையும். இரண்டும் ஒரே மனிதருக்குள் இருக்க முடியும் என்று இந்த வயதில் எனக்குத் தெரியாமல் இல்லை. அவனிடம் அப்படிச் சொல்ல என்னால் ஆகாதுங்க என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுக் காரில் ஏறினார்.

இதை அப்பாவிடம் சொன்னதிலிருந்து அவர் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. "அந்த மனுசன் இல்லீன்னா இவன் இன்னேரம் எங்கூட உக்காந்து பொட்டலம் கட்டிட்டு இருப்பான். ஊடு தேடி வந்தவர வெறுங்கையோட அனுப்பிப்போட்டியே," என்றார். அந்த ஆளுக்கு எப்படியும் வேறு கப்பல் கிடைக்கும், நம் பையனுக்கு இது போனால் ஏது என்றார். அப்பாவைத் தப்பாக நினைக்காதே. அவருக்குக் கடல் என்றால் சென்னையில் ஒரு தடவை கால் நனைத்ததுதான். நீ வெள்ளைச் சட்டையில் தோள்பட்டைக் கோடுகளோடு நிற்கிற படத்தைக் கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கிறார். அந்தப் படத்தைக் கழற்ற வேண்டி வருமோ என்கிற பயம்தான் அவரை அப்படிப் பேச வைக்கிறது. இன்று காலையில் உனக்கு இட்லி வைக்கும்போது, "கேப்டன் சொல்றபடி சொல்லிரு சாமி," என்று அவர் தாழ்ந்த குரலில் சொன்னதும் எனக்குக் கேட்டது. நீ ஒன்றும் சொல்லாமல் இருந்ததும் கேட்டது.

அந்த மௌனத்துக்குத்தான் நான் இதை எழுதுகிறேன்.

உன் வேலையைப் பற்றி எனக்குப் புத்தக அறிவு கிடையாது. நீ விடுமுறையில் வரும்போது சொன்னதை வைத்துத்தான் பேசுகிறேன். பிரிட்ஜில் எத்தனை கருவி இருந்தாலும் கண்ணால் பார்க்க ஓர் ஆள் வேண்டும் என்று நீதான் சொன்னாய். அந்த ஆள் பார்ப்பதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வலப்பக்கம் ஒரு வெளிச்சம், தூரத்தில் ஒரு புள்ளி, ஏதோ நிழல் மாதிரி என்று, அது பறவையாகவே இருந்தாலும் சொல்ல வேண்டும். நீ கேட்டுக்கொண்டேன் என்று பதில் சொல்ல வேண்டும். நாற்பது ஐம்பதாயிரம் டன் இரும்பும் கரியும் இரண்டு மனிதர்கள் ஒருவருக்கொருவர் சொல்வதை நம்பித்தான் போகிறது. அப்படியானால், நாளை மறுநாள் நீ அந்த அறையில் சேவியர் மேலே நின்றார், பார்க்காமல் விட்டார் என்று சொல்லிவிட்டு, சர்டிபிகேட்டைக் காப்பாற்றிக்கொண்டு வேறொரு கப்பலில் ஏறினால், உன் பக்கத்தில் நிற்கப் போகிற அடுத்த சேவியர் உன்னிடம் எதைச் சொல்வார்? கப்பல்காரர்கள் உலகம் சின்னது என்று நீயே சொல்லியிருக்கிறாய். இந்த ஆபீசர் மாட்டிக்கொண்டால் நம்மைக் கைகாட்டிவிடுவார் என்று தெரிந்த ஒருவர், சந்தேகமாக ஒன்று தெரிந்தால் வாயைத் திறப்பாரா, எதற்கு வம்பு என்று இருப்பாரா? இல்லாத இடத்தில் ஒருவர் நின்றதாகச் சொன்னால், நிற்கிற இடத்திலும் ஆள் இல்லாமல் போய்விடும். நீ தனியாக நிற்பாய். கடலில் உன்னைத் தனியாக நிறுத்துவதற்கு எனக்குத் தைரியம் இல்லை, கண்ணு. நியாயம் தர்மம் என்று பெரிய பேச்செல்லாம் அதற்கு அப்புறம்தான். முதலில் இது என் பயம்.

அதனால் கேப்டன்மேல் பழியைப் போடு என்றும் நான் சொல்ல வரவில்லை. அவர் ஆளைக் கீழே அனுப்பியது ஒரு தப்பு. முன்பு சிரித்தது இன்னொரு தப்பு. அவை அவருடையவை, அவர் சொல்லட்டும், சொல்லாமல் போகட்டும். கூப்பிடாதது உன்னுடையது. அதை அவர் சிரிப்புக்குப் பின்னால் ஒளித்து வைக்காதே. என்னிடம் ஒளித்தது போதும். பனி வந்ததைப் பார்த்தேன், பழக்கப்பட்டதுதானே என்று இருந்துவிட்டேன், ஆளைக் கூப்பிட்டிருக்க வேண்டும், கேப்டனைக் கூப்பிட்டிருக்க வேண்டும், இரண்டையும் செய்யவில்லை என்று சொல். வாக்கியம் இவ்வளவுதான். எழுதிப் பார்த்தால் சின்னதாக இருக்கிறது. சொல்லும்போது நாக்கு மேல்வாயில் ஒட்டிக்கொள்ளும் என்று தெரியும். சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்று லாட்ஜுக்கு வருகிற கப்பல்காரர் ஒருவரிடம், உன் பெயர் சொல்லாமல், விசாரித்தேன். சர்டிபிகேட்டைக் கொஞ்ச காலம் நிறுத்தி வைக்கலாம். ஒரேயடியாகப் போகவும் வாய்ப்பு உண்டாம். அவர் அதைச் சாதாரணமாகச் சொன்னார். நான் கவுன்டரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். போனால் போகட்டும் என்று என்னால் எழுத முடியவில்லை. உனக்கு அது எவ்வளவு என்று எனக்குத் தெரியும். போகக் கூடாது என்றுதான் வேண்டிக்கொண்டிருக்கிறேன். ஆனாலும் இதைத்தான் சொல்கிறேன்.

திரும்பவும் ஏறுகிற நாள் வந்தால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உனக்குப் பழகிய ஆபத்தைப் பார்த்தால் பழகாதது மாதிரி நடந்துகொள். ஒன்றுமில்லாததற்குக் கூப்பிட்டாய் என்று யாராவது சிரித்தால் சிரிக்கட்டும், மறுநாளும் கூப்பிடு. நீயே கேப்டன் ஆகிற காலமும் வரலாம். அப்போது உன்னைவிடச் சின்னவன் ஒருவன், மப்பாக இருக்கிறது சார் என்று கூப்பிட்டால், நுரையைக் கழுவக்கூட நிற்காமல் ஏறி வா. வந்து பார்த்து, ஒன்றுமில்லை என்றாலும், கூப்பிட்டது நல்லது என்று சொல்லிவிட்டு இறங்கிப் போ. வேறெதுவும் சொல்லாதே.

இதையெல்லாம் நேற்று ராத்திரியே மனசுக்குள் எழுதிவிட்டேன். ஆனால் காகிதத்தை எடுக்க வைத்தது இன்று நீ கிளம்பின பிறகு வந்த போன். உன் போனில் சிக்னல் இல்லாத துறைமுகத்தில் ஒரு தடவை சேவியர் அண்ணன் போனிலிருந்து என்னோடு பேசினாய் அல்லவா, அப்படி என் எண் அவரிடம் இருந்திருக்கிறது. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பேசினார். உன்னைக் கூப்பிட்டுப் பார்த்தாராம், நீ எடுக்கவில்லையாம். அதைக் குறையாகச் சொல்லவில்லை. மலையில் டவர் கிடைக்காது என்று அவராகவே உனக்கு ஒரு சமாதானம் வைத்திருந்தார். அவர் குரலை இன்றுதான் முழுதாகக் கேட்டேன். என்னைவிட வயதில் மூத்தவர், என்னை அம்மா என்றுதான் கூப்பிட்டார்.

"ஒண்ணுமில்லம்மா. நாளக் கழிச்சு என்னையும் வரச் சொல்லிருக்காவ. தம்பி என்ன சொல்லப் போறாவன்னு தெரிஞ்சா நானும் அதையே சொல்லிருவேன். ரெண்டு பேரும் ரெண்டு வெதமா சொன்னா தம்பிக்குத்தான கஷ்டம்?"

நீங்கள் மேலே நின்றீர்கள், பார்க்கத் தவறிவிட்டீர்கள் என்று சொல்லச் சொன்னால் சொல்வீர்களா அண்ணா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டேன். அந்தப் பக்கம் யாரோ பாத்திரம் கழுவுகிற ஓசை கேட்டது.

"கேப்டன் அப்படித்தான் சொல்லச் சொன்னாவ," என்றார். பிறகு, "நான் பதினெட்டு வயசுலேர்ந்து வாட்ச் நிக்கேன்மா. ஒரு நாளும் பாக்காம உட்டதில்ல. அத ஒருதரம் தம்பி வாயால கேட்டுட்டா, அப்புறம் என்ன சொல்லச் சொன்னாலும் சொல்லிருதேன்," என்றார்.

அதற்குப் பதில் நீதான் சொல்ல வேண்டும். என் பிள்ளை இன்று இருட்டுவதற்குள் உங்களைக் கூப்பிடுவான் அண்ணா என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். உன்னைக் கேட்காமல் கொடுத்தேன். கோபித்துக்கொள்ள வேண்டுமானால் அப்புறம் கோபித்துக்கொள். அவரிடம் பேசிவிட்டு கேப்டனையும் கூப்பிட்டு, நாளை மறுநாள் நீ என்ன சொல்லப் போகிறாய் என்று முன்னாலேயே சொல்லிவிடு. அந்த அறைக்குள் வைத்து அவரைத் திகைக்க வைக்காதே. அவர் நமக்குச் செய்ததற்கு நாம் அந்த மரியாதையாவது செய்ய வேண்டும். சென்னைக்கு நானும் வருகிறேன். லாட்ஜில் லீவு சொல்லிவிட்டேன். உள்ளே வர மாட்டேன், வெளியே உட்கார்ந்திருப்பேன். அப்பாவும் வந்தால் வரட்டும்.

இதோ ஜீப் வந்து நிற்கிற சத்தம் கேட்கிறது. கதவைச் சாத்திவிட்டு யாரிடமோ போயிட்டு வர்றேன் என்கிறாய். மலையில் வெளிச்சம் இன்னும் கொஞ்ச நேரம்தான் இருக்கும். தூத்துக்குடியில் அவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். காப்பி ஆறினால் சூடு பண்ணிக்கொள்ளலாம். இதைக்கூட அப்புறம் திரும்பப் படிக்கலாம். முதலில் சேவியர் அண்ணனைக் கூப்பிடு, சாமி.